தாமஸ் ஜெஃபர்சன்: போர்டோ ஒயினைத் தரம் பிரித்த அமெரிக்க அதிபர், கடைசிவரை போடாத ஒரு கூட்டல்

ஒரு பாட்டில் ஒயினுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீங்க? 1985 டிசம்பர் 5 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரே ஒரு பாட்டிலை 1,05,000 பவுண்டுக்கு விற்றது. அதுவரை எந்த ஒயின் பாட்டிலுக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வாங்கியவர்கள் அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் பத்திரிகைக் குடும்பத்தினர்.

பாட்டிலில் இருந்தது பிரான்ஸின் போர்டோ பகுதியைச் சேர்ந்த லஃபீட் என்ற சிவப்பு ஒயின். கண்ணாடியில் 1787 என்ற ஆண்டும், லஃபீட் என்ற பெயரும், 'டி.எச்.ஜே.' என்ற மூன்று எழுத்துகளும் செதுக்கப்பட்டிருந்தன. அந்த மூன்று எழுத்துகளுக்குத்தான் அவ்வளவு விலை. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தனக்காக வாங்கி வைத்திருந்த பாட்டில் இது என்று சொல்லப்பட்டது.

அது உண்மையா? அதற்குப் பதில் சொன்னது ஜெஃபர்சனின் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் ஒயினைவிடப் பெரிய ஒரு கதையும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த ஜெஃபர்சன்?

பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். அப்போது அவருக்கு வயது 33. மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கருத்தை ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதி வைத்தவர்.

1743 ஏப்ரல் 13 அன்று வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா பீட்டர் நில அளவையாளர், தோட்ட முதலாளி. ஜெஃபர்சனுக்கு 14 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். பையன் வில்லியம்ஸ்பர்க் கல்லூரியில் படித்தார், பிறகு சட்டம் கற்றார், வக்கீல் ஆனார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணி எழுதி வைப்பார். வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு, எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது, பட்டாணி எப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்தது, எல்லாம். 1767இல் தொடங்கிய வரவு செலவுக் குறிப்புகளை 1826இல் சாகும்வரை நிறுத்தவில்லை. கிட்டத்தட்ட 60 வருஷம்! நம்மில் பலர் போனில் செலவுக் கணக்கு ஆப் போட்டு பத்து நாளில் விட்டுவிடுகிறோம் இல்லையா, அவர் அந்த ரகம் இல்லை.

1772இல் மார்த்தா என்ற இளம் விதவையைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தபோது மார்த்தா வழியாக மூன்று விஷயங்கள் ஜெஃபர்சன் கைக்கு வந்தன. சுமார் 11,000 ஏக்கர் நிலம். அடிமைப்படுத்தப்பட்டிருந்த 135 மனிதர்கள். கூடவே, மாமனார் பிரிட்டிஷ் வணிகர்களிடம் வைத்திருந்த பெரிய கடன். இந்த மூன்றையும் நினைவில் வச்சுக்கோங்க. கதை முடியும்போது மூன்றும் திரும்ப வரும்.

ஒயின் அவர் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது?

1782இல் மார்த்தா இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் இருந்து ஜெஃபர்சன் வெளியே வரக் காலம் எடுத்தது. 1784இல் புதிய அமெரிக்க அரசு அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பதிலாக பிரான்ஸுக்கான அமெரிக்கத் தூதர் ஆனார்.

அதற்கு முன்னாலும் அவர் ஒயின் குடித்தவர்தான். ஆனால் அந்தக் கால வர்ஜீனியாவில் கிடைத்தது பெரும்பாலும் மதீரா, போர்ட் போன்ற, சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின்கள். கப்பலில் மாதக்கணக்கில் குலுங்கினாலும் கெடாது என்பதால் அவை பிரபலம். பாரிஸில்தான் மென்மையான பிரெஞ்சு ஒயின்கள் அவருக்குச் சரியாக அறிமுகமாயின.

1786 செப்டம்பரில் அவருடைய வலது மணிக்கட்டு பிசகியது. அது சரியாகக் கூடவே இல்லை. தென் பிரான்ஸில் எக்ஸ் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் குளித்தால் சரியாகும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். 1787 பிப்ரவரி 28 அன்று கிளம்பினார். ஜூன் 10 அன்று திரும்பினார். கை சரியாகவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்துக்கும் மேலான பயணத்தில் பர்கண்டி, ரோன் பள்ளத்தாக்கு, வட இத்தாலி, கடைசியில் போர்டோ என்று அன்றைய முக்கியமான ஒயின் பகுதிகளில் பெரும்பாலானவற்றைச் சுற்றிவிட்டார்.

அவர் ஒயினை மட்டும் பார்க்கவில்லை. பர்கண்டியில் பொம்மார், வோல்னே கிராமங்களில் தொழிலாளிகள் நல்ல கோதுமை ரொட்டி சாப்பிடுவதைக் கவனித்தார். பக்கத்திலேயே இருக்கும் மெர்சோவில் கம்பு மாதிரி மட்டமாகக் கருதப்பட்ட ரை தானிய ரொட்டி. ஏன் இந்த வித்தியாசம் என்று விசாரித்தார். முதல் இரண்டு ஊரிலும் சிவப்பு ஒயின், அது நன்றாக விலைபோகிறது. மெர்சோவில் வெள்ளை ஒயின், அது அடிக்கடி தரம் தவறி விற்காமல் தங்கிவிடுகிறது. முதலாளியின் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது கூலியாளின் தட்டில் தெரிகிறது.

நல்ல நிருபருக்கு இருக்க வேண்டிய கண் அது. அந்தக் கண் சொந்த வீட்டில் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

போர்டோவில் அவர் எழுதிய பட்டியல் என்ன?

1787 மே 24 முதல் 28 வரை போர்டோ நகரில் இருந்தார். ஒரு சுற்றுலாப் பயணி அந்த ஐந்து நாளில் நாலு பாட்டிலைத் திறந்து ரசித்துவிட்டுப் போயிருப்பார். ஜெஃபர்சன் சேகரித்தது தரவு. எந்தத் தோட்டம், முதலாளி யார், ஆண்டுக்கு எத்தனை டன், எந்த ஆண்டு ஒயின் என்ன விலை, எத்தனை வருஷம் வைத்துக் குடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதினார்.

முதல் தரம் என்று அவர் குறித்தது நான்கு தோட்டங்கள். மார்கோ, ஆண்டுக்கு 150 டன். லத்தூர், 125 டன். ஓ-பிரியோன், 75 டன். லஃபீட், 175 டன். ஒரு டன் என்பது ஏறக்குறைய 1,000 பாட்டில். நான்கையும் கூட்டினால் 525 டன், அதாவது சுமார் 5,25,000 பாட்டில். மொத்த உலகத்துக்கும் அவ்வளவுதான்.

விலையையும் பாருங்க. இந்த நான்கு தோட்டங்களின் 1783ஆம் ஆண்டு ஒயின் ஒரு டன் 2,000 லிவ்ர். லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சுப் பணம். 1784ஆம் ஆண்டு ஒயின் 2,400. 1785க்கு 1,800. ஒரே தோட்டம், ஒரே கொடி, ஆனால் ஆண்டு மாறினால் விலை மாறுகிறது. திராட்சை பழுக்கும் மாதங்களில் வெயிலும் மழையும் எப்படி இருந்தன என்பதுதான் வித்தியாசம். இதைத்தான் இன்று 'விண்டேஜ்' என்கிறார்கள். 1784 அருமையான ஆண்டு என்று தெரிந்துகொண்ட ஜெஃபர்சன், அந்த ஆண்டின் ஓ-பிரியோனில் ஆறு டஜன் பாட்டிலை வர்ஜீனியாவில் இருந்த மைத்துனர் ஃபிரான்சிஸ் எப்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

இரண்டாம் தரத் தோட்டங்களின் புது ஒயின் சுமார் 1,000 லிவ்ர். மூன்றாம் தரம் அதற்கும் கீழே. இன்று வானத்தைத் தொடும் விலையில் விற்கும் மூட்டோன், ஜெஃபர்சனின் பட்டியலில் மூன்றாம் தரத்தில்தான் இருந்தது.

68 வருஷம் கழித்து, 1855இல், மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக போர்டோவின் தரகர்கள் அதிகாரப்பூர்வமான தரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். முதல் தரத்தில் நான்கு பெயர்கள்: லஃபீட், மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன். ஜெஃபர்சன் எழுதிய அதே நான்கு! அந்த முதல் வரிசை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் மாறியது. 1973இல் மூட்டோன் சேர்ந்தது.

அப்படியானால் அவர் அசாத்திய நாக்கு உள்ளவரா? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. இந்த வரிசையை ஜெஃபர்சன் தன் நாக்கால் கண்டுபிடிக்கவில்லை. போர்டோ வணிகர்களிடம் ஏற்கெனவே புழங்கிய விலை வரிசை அது. 1855 பட்டியலும் தரகர்கள் பார்த்த விலையை வைத்துப் போட்டதுதான். இரண்டு பட்டியலும் ஒத்துப்போவதற்குக் காரணம் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்பதே. ஜெஃபர்சன் செய்த வேலை, கேட்டதைச் சரியாகக் கேட்டு, எண்ணோடு எழுதி வைத்தது.

ருசியை எப்படி எடைபோட்டார்?

போர்டோ சிவப்பு ஒயின் பொதுவாக ஒரே வகைத் திராட்சையில் செய்வதில்லை. இன்றைக்கு கேபர்னே சோவினியோன், மெர்லோ போன்ற வகைகளைக் கலப்பார்கள். தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், நாம் நெல்லிக்காயோ வாழைப்பூவோ கடிக்கும்போது நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத் தருகிறது. புது ஒயினில் அது முரட்டுத்தனமாக இருக்கும். வருஷங்கள் போகப் போக அடங்கும். ஒரு பகுதி வண்டலாகப் பாட்டிலின் அடியில் படியும்.

அதனால்தான் எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்ற கேள்வி முக்கியம். மற்ற மூன்று தோட்டங்களின் ஒயினும் நான்கு வயதில்தான் முழுமைபெறும், லஃபீட் கொஞ்சம் இலகுவானது, மூன்று வயதிலேயே குடிக்கலாம் என்று ஜெஃபர்சன் குறித்திருக்கிறார். ஓ-பிரியோனில் மண்ணையும் பார்த்தார். மணலும், ஏறக்குறைய அதே அளவு உருண்டைக் கூழாங்கல்லும், மிகக் கொஞ்சம் களியும். தண்ணீர் தேங்காத அந்தச் சரளை மண்ணை இன்றைக்கும் போர்டோவின் இந்தப் பகுதிக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தில் அவர் காலத்தைவிட முன்னால் இருந்தார். அன்றைக்கு ஒயின் பீப்பாயில்தான் வணிகரிடம் போகும். வழியில் யார் எதைக் கலந்தார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் ஜெஃபர்சன் இடைத்தரகரை நம்பாமல் நேரடியாகத் தோட்டத்துக்கே எழுதி, அங்கேயே பாட்டிலில் அடைத்து அனுப்பும்படி கேட்டார்.

வயதான பிறகு, 1819இல், மார்செய் நகரில் தனக்கு ஒயின் வாங்கித் தந்த ஸ்டீஃபன் கத்தலானுக்கு எழுதிய கடிதத்தில் சுவைச் சொற்களையே வரையறுத்தார். இனிப்பு, புளிப்பு, இனிப்பே இல்லாதது, துவர்ப்பு, பட்டுப்போன்றது என்று பிரித்தார். அவர் கணக்கில் பட்டுப்போன்றது என்றால், இனிப்பில்லாத ஒயினில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு லேசான இனிப்பு. கடல் தாண்டி இருக்கும் ஒருவர் நமக்காக வாங்கும்போது 'நல்லதா அனுப்புங்க' என்றால் போதாது, என்ன சொல்லை என்ன அர்த்தத்தில் சொல்கிறோம் என்று இருவருக்கும் தெரிய வேண்டும். இன்று ஒயினுக்கு 100க்கு இத்தனை மதிப்பெண் என்று போடும் முறை 1970களின் கடைசியில் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரால் பிரபலமானது. ஜெஃபர்சன் மதிப்பெண் போடவில்லை. சொற்களைச் சுத்தப்படுத்தினார்.

அதிபர் வீட்டு மேசையில் யார் சமைத்தது?

1789இல் நாடு திரும்பினார். வாஷிங்டன் அரசில் வெளியுறவு அமைச்சர் ஆனார். 1790இல் அதிபர் வாஷிங்டனுக்கும் தனக்கும் சேர்த்து போர்டோவுக்கு ஆர்டர் அனுப்பினார். 1801 முதல் 1809 வரை அவரே அதிபர். சம்பளம் ஆண்டுக்கு 25,000 டாலர். விருந்துச் செலவும் அதிலிருந்துதான். ஒயினுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான டாலர் போனது. அரசியல் எதிரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நல்ல சாப்பாடும் நல்ல ஒயினும் பரிமாறிக் காரியம் சாதிப்பது அவர் பாணி.

சரி, அந்தச் சாப்பாட்டைச் சமைத்தது யார்?

1784இல் பாரிஸுக்குப் போகும்போது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற 19 வயது இளைஞரைக் கூட்டிப்போனார். ஜேம்ஸ் அவருடைய அடிமை. பிரெஞ்சு சமையலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கற்றார். ஊர் திரும்பி இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்த பிறகே, 1796இல், விடுதலை கிடைத்தது.

போர்டோ பயணம் முடிந்து ஜெஃபர்சன் பாரிஸ் திரும்பியது 1787 ஜூனில். அடுத்த மாதம் அவருடைய சின்ன மகளுக்குத் துணையாக ஜேம்ஸின் தங்கை சாலி ஹெமிங்ஸ் பாரிஸ் வந்தார். சாலிக்கு வயது 14. ஜெஃபர்சனுக்கு 44. சாலியின் அப்பா யார் தெரியுமா? மாமனார் ஜான் வேல்ஸ் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதாவது சாலி, இறந்துபோன மனைவிக்குத் தங்கை; அப்பா ஒன்று, அம்மா வேறு. மாமனார் சொத்தாக வந்த 135 பேரில் ஒருவர்.

பிரான்ஸ் மண்ணில் இருந்தபோது ஜேம்ஸும் சாலியும் விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கலாம். சாலி ஏன் திரும்பினார் என்பதை அவர் மகன் மேடிசன் 1873இல் பத்திரிகையில் விவரித்தார். பிறக்கும் குழந்தைகளுக்கு 21 வயதில் விடுதலை தருவதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்தார், அதை நம்பியே அம்மா திரும்பினார் என்பது அவர் சொன்ன விவரம். நீண்ட காலம் வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்ப மறுத்தார்கள். 1998இல் மரபணுச் சோதனை வெளிவந்தது. சாலியின் கடைசி மகனின் வாரிசும் ஜெஃபர்சன் குடும்ப ஆண் வழியும் பொருந்தின. மான்டிசெல்லோ வீட்டைப் பராமரிக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறக்கட்டளை, ஜெஃபர்சனே சாலியின் ஆறு குழந்தைகளுக்கும் தந்தையாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்று 2000இல் அறிவித்தது. அடிமை முதலாளியிடம் ஒரு பெண் மறுப்புச் சொல்லச் சட்டத்தில் இடமே இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

வாழ்நாளில் ஜெஃபர்சனுக்கு அடிமையாக இருந்தவர்கள் 600க்கும் மேல். அவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, எத்தனை போர்வை, எவ்வளவு துணி கொடுத்தோம் என்பதும் அவருடைய குறிப்பேடுகளில் இருக்கின்றன. திராட்சை டன் கணக்கை எழுதிய அதே கையெழுத்து.

மான்டிசெல்லோ வீட்டின் சாப்பாட்டு அறையில் கணப்படுப்பின் இரண்டு பக்கமும் சின்னக் கதவுகள் உண்டு. திறந்தால் உள்ளே சிறிய தூக்கி. நேர் கீழே ஒயின் நிலவறை. கீழே இருப்பவர் பாட்டிலை வைத்தால் அது மேலே வரும். விருந்தினர்கள் அந்தப் புத்திசாலித்தனத்தை வியந்தார்கள். கீழே நின்று பாட்டில் ஏற்றிய ஆளை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சொந்தத் தோட்டம் என்ன ஆனது?

வர்ஜீனியாவிலேயே ஐரோப்பியத் தரத்தில் ஒயின் செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. 1773இல் பிலிப் மாத்ஸேய் என்ற இத்தாலியருக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்து முயன்றார். 1807இல் 24 ஐரோப்பிய வகைகளில் 287 கொடிகளை நட்டார். குடிக்கத் தகுந்த ஒயின் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பூஞ்சை நோய்கள் ஒரு காரணம். இன்னொன்று அவர் கண்ணில் படாத பூச்சி. ஃபைலோக்ஸெரா என்ற அந்தச் சிறு பூச்சி திராட்சை வேரைத் தின்னும். அமெரிக்கக் காட்டுத் திராட்சை அதைத் தாங்கும், ஐரோப்பியக் கொடி தாங்காது. 1860களில் இதே பூச்சி கடல் தாண்டிப் போய் பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்ட பிறகுதான் போர்டோ பிழைத்தது. அந்த வழி ஜெஃபர்சன் காலத்தில் யாருக்கும் தெரியாது.

கடன் எப்படி ஏறியது?

இங்கதான் விஷயமே இருக்கு. 60 வருஷம் ஒவ்வொரு செலவையும் எழுதிய மனிதர் கடனாளியாகச் செத்தார். எப்படி?

மாமனார் கடன் முதல் காரணம். அது வட்டியோடு வளர்ந்தது. வீட்டை இடித்து இடித்துக் கட்டியது இன்னொன்று. வந்தவர் போனவருக்கெல்லாம் விருந்து. விளைச்சலும் நில மதிப்பும் கைகொடுக்கவில்லை. 1815இல் தன் நூலகத்தின் 6,487 புத்தகங்களை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றார். அந்தப் பணம் கடனில் ஒரு பகுதியைத்தான் அடைத்தது. 1819 பொருளாதார நெருக்கடியில், நண்பர் ஒருவரின் 20,000 டாலர் கடனுக்கு அவர் போட்டிருந்த ஜாமீன் கையெழுத்தும் அவர் தலையில் விழுந்தது.

அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். தினசரி வரவு செலவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் மொத்தமாக எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன், வருஷக் கடைசியில் மிச்சமா பற்றாக்குறையா என்ற கூட்டலை அவர் ஒழுங்காகப் போடவே இல்லை. எழுதுவதால் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரியையும் பார்த்துவிட்டு, கடைசி வரியை மட்டும் தள்ளிப்போடுகிற நமக்கு இது புரியாததா?

கடைசிக் காலத்தில் அவர் ஒயினும் மாறியது. மார்கோ, லஃபீட்டுக்குப் பதில் தென் பிரான்ஸின் மலிவான ஒயின்கள். மார்செயில் பெர்காஸ் என்ற வணிகர் உள்ளூர்ச் சரக்குகளைக் கலந்து போர்டோ பாணியில் செய்த சிவப்பு ஒயினையும் வாங்கினார். அசல் முதல் தரத்தைப் பட்டியல் போட்டவர், கடைசியில் அதன் சாயலை விரும்பிக் குடித்தார்.

1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 83 வயதில் இறந்தார். கடன் சுமார் 1,07,000 டாலர்.

அந்தக் கடனை யார் கட்டினார்கள்?

உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தார். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம். வீட்டுச் சாமான், கால்நடை, அவற்றோடு 130 மனிதர்கள் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது.

விடுதலை பெற்ற ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோசஃப் ஃபாசெட். அவர் மனைவி ஈடித், 15 வயதில் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு, அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் பயின்றவர். பிறகு மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர். 1806இல் மனைவியைப் பார்க்க ஜோசஃப் அனுமதியில்லாமல் வாஷிங்டனுக்கு ஓடியபோது, ஆளனுப்பிப் பிடிக்கச் சொன்னவர் அதிபர் ஜெஃபர்சன். 1827 ஏலத்தில் ஈடித்தும் குழந்தைகளும் விற்கப்பட்டார்கள். ஜோசஃப்புக்கு விடுதலை, குடும்பத்துக்கு இல்லை.

அந்த 1787 பாட்டில் என்ன ஆனது?

பாட்டில்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மன் சேகரிப்பாளர். பாரிஸில் சுவர் எழுப்பி மூடிய பழைய நிலவறையில் கிடைத்தவை என்றார். அவற்றில் சில திறக்கப்பட்டன. ருசித்தவர்கள் சிலர் வியந்து பாராட்டினார்கள். ஆனால் யோசிச்சுப் பாருங்க: உண்மையான 1787 ஒயின் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்ல அவர்களிடம் என்ன அளவுகோல் இருந்தது?

1988இல் அமெரிக்கத் தொழிலதிபர் பில் கோக் இந்த வரிசையில் நான்கு பாட்டில்களைச் சுமார் 5,00,000 டாலருக்கு வாங்கினார். 2005இல் பாஸ்டன் அருங்காட்சியகம் ஒன்றில் தன் சேகரிப்பைக் காட்டத் தயாரானபோது, பாட்டில்களின் பூர்விகம் பற்றிய ஆதாரம் தேவைப்பட்டது. மான்டிசெல்லோ ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். ஜெஃபர்சனின் கணக்கிலும் கடிதங்களிலும் இந்தப் பாட்டில்களுக்கான தடயம் இல்லை. இவ்வளவு எழுதிய மனிதர் இதை மட்டும் எழுதாமல் விட்டாரா என்ற சந்தேகம் வலுத்தது. பெயர்ச் சுருக்கத்தில் அவர் வழக்கமாக முக்காற்புள்ளி வைப்பார். பாட்டிலில் இருந்தது வேறு மாதிரி.

சோதனைகளும் நடந்தன. 1945க்குப் பிறகு அணுகுண்டு வெடிப்புகளால் காற்றில் பரவிய சீசியம்-137 அந்த ஒயினில் இல்லை. அது அணுயுகத்துக்கு முந்தியது என்பதை மட்டும்தான் காட்டும், 1787 என்று நிரூபிக்காது. பிறகு எழுத்துகளைச் செதுக்கிய விதத்தைக் கண்ணாடி நிபுணர்கள் ஆராய்ந்து, மின்சாரக் கருவியின் வேலை என்றார்கள். 2006இல் கோக் வழக்குத் தொடுத்தார். ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தார், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்கவில்லை. அவர் தரப்பு இல்லாமலேயே அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2018இல் இறந்தார்.

ஃபோர்ப்ஸ் குடும்பம் வாங்கிய பாட்டிலைக் காட்சிக்கு வைத்தபோது விளக்கின் சூட்டில் கார்க் சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது.

இப்போது மான்டிசெல்லோவில் என்ன பார்க்கலாம்?

அந்த வீடு இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஒயின் நிலவறையும், கணப்படுப்பு ஓரத்துத் தூக்கியும் பார்வைக்கு உண்டு. 2018 முதல் சாலி ஹெமிங்ஸின் வாழ்க்கைக்கும் தனிக் காட்சி அறை இருக்கிறது. 600க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் திரட்ட ஆய்வாளர்களுக்கு உதவியதும் ஜெஃபர்சனின் குறிப்பேடுகள்தான். அவர் போடாத கூட்டலை இப்போது மற்றவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜோசஃப் ஃபாசெட் கொல்லுப்பட்டறையில் உழைத்து, பத்து ஆண்டுகளில் ஈடித்தையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டார். குடும்பம் ஒஹாயோ மாகாணத்துக்குப் போனது. 1827 ஏலத்தில் விற்கப்பட்டபோது அவர்கள் மகன் பீட்டருக்கு வயது 11. விடுதலைக்கு அவர் 1850 வாக்கில்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு சின்சினாட்டியில் விருந்துச் சமையல் தொழில் நடத்தினார், தேவாலயப் போதகரும் ஆனார். 1900இல், 80 வயதைத் தாண்டிய பிறகு, தான் பிறந்த மான்டிசெல்லோவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். இந்த முறை விருந்தினராக.